நல்லெண்ணம் கெடாத அலுவலகம்

டன்மோர் மாவட்டத்து ஷெரீப் அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதில் அவர்களுக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான். அமெரிக்காவின் சோளக்காடுகளுக்கு நடுவில் கிடக்கிற அந்த மாவட்டத்தில், துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாட லைசென்ஸ் கொடுக்கிற இடம் அது. கொடுத்த லைசென்ஸால் யார் காது போனாலும், யார் உயிர் போனாலும், நல்லெண்ணத்தோடு கொடுத்திருந்தால் அரசாங்கம் பொறுப்பில்லை என்று அந்த மாநிலத்துச் சட்டம் சொன்னது. நல்லெண்ணம் என்றால் என்ன என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையை மாவட்ட வக்கீல் பிரெண்டிஸ் லைல் நிவர்த்தி செய்தார். ஒருவனைப் பற்றிக் கெட்டதாக எதுவும் தெரியாமல் லைசென்ஸ் கொடுத்தால் அது நல்லெண்ணம். தெரிந்த பிறகும் விட்டுவைத்தால் பொறுப்பு நம் தலையில். ஆகவே தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நமது முதல் கடமை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடமையைச் செய்ய ஏழு பேரை வேலைக்கு எடுத்தார்கள்.

அந்த அலுவலகத்தின் கதவை ஒரு வருஷம் தட்டின ஆர்டித் கோலியின் கதைதான் இது, என் கண்ணுகளா. அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் குண்டடிபட்டுச் சாகக்கூடாது என்றுதான் கேட்டாள்.

ஆர்டித் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸைத் தொடுவதற்கு முன் வருஷத்துக்கு ஒருமுறை அவள் கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், சிறுநீரை ஒரு டப்பாவில் வாங்கி அதையும் பார்ப்பார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வெண்டல் ரஸ்க். வீடு வீடாக ஏறி இறங்கி வேக்குவம் கிளீனர் விற்று ஓய்ந்தவன். பெண்டாட்டி இறந்தபின் தனியாக இருந்தான். அவனுக்கு இடி பயம், குப்பைத் தொட்டியை உருட்டுகிற ரக்கூன் பயம், கதவு தட்டினால் பயம். பயம் போகட்டும் என்று துப்பாக்கி வாங்கினான். வாங்கின பிறகு வீட்டில் துப்பாக்கி இருக்கிறதே என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

லைசென்ஸுக்கு ஒரு நாள் வகுப்பு, கடைசியில் ஒரு பரீட்சை. ரஸ்க் காகித மனிதனை நோக்கிப் பத்து முறை சுட்டான். ஒன்பது குண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பத்தாவது குண்டு பக்கத்து மேசையில் இருந்த காபிக் கோப்பையை உடைத்தது. பரீட்சை வைத்தவர் கீழே குனிந்தபடியே எழுதினார்: "பத்துக் குண்டும் துப்பாக்கியின் முன்பக்கமாகவே வெளியேறின. தேர்ச்சி."

ஆர்டித்தின் புருஷன் ஹார்லன், ரஸ்க்குக்கு இருந்த ஒரே சிநேகிதன். ரஸ்க் எங்கே போனாலும் ஹார்லன் பக்கத்தில் உட்காருவான். அவனோடு போகாதே என்று ஆர்டித் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். பயந்தவனைத் தனியாக விட்டால் இன்னும் பயப்படுவான் என்பது ஹார்லனின் ஒரே பதில்.

முதல் குண்டு தீயணைப்பு நிலையத்தில் வெடித்தது. வருஷா வருஷம் வசந்தத்தில் அங்கே ஊருக்கெல்லாம் பான்கேக் சுட்டுப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் யாரோ மடக்கு நாற்காலிகளைச் சுவரில் அடுக்கப் போக, மொத்தமும் சரிந்து தகரக் கூரை விழுந்தது போலச் சத்தம் போட்டன. ரஸ்க் திரும்பினான், சட்டை விலகியது, குண்டு பாய்ந்தது. ஹார்லனின் இடது காதில் பாதி, மேப்பிள் பாகு ஊற்றின தட்டில் விழுந்தது. பாகு சிவப்பாயிற்று. ரஸ்க் அந்தத் தட்டைப் பார்த்து ஓவென்று அழுதான். மறுநாள் கண்ணாடிப் பாத்திரத்தில் சூரை மீனும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்தான். அந்த ஊரில் துக்கம் நடந்த வீட்டுக்கு அதுதான் வழக்கம்.

ஆர்டித் ஷெரீப் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் ஓப்பல் என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் தங்கம் தங்கம் என்று கூப்பிடுகிற நல்ல மனுஷி. ஆர்டித் "வெண்..." என்று ஆரம்பித்ததுமே, துப்பாக்கி சுடுகிற இடத்தில் மாட்டுகிற காதடைப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். பேர் சொல்லமாட்டேன் என்று ஆர்டித் சைகையால் சத்தியம் செய்த பிறகுதான் கழற்றினாள். பிறகு ஒரு ஃபாரத்தை எடுத்தாள்.

"துப்பாக்கி வெளியில தெரிஞ்சுதா, தங்கம்?"

"சுடறப்ப தெரிஞ்சுது."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியல."

"அப்ப நல்லாத்தான் மறைச்சிருக்காரு. நாங்க குடுக்கறது மறைக்கறதுக்கு லைசென்ஸ். மறைக்கலன்னா சொல்லுங்க, உடனே பிடுங்கிடறோம். சுடறது எங்க டிபார்ட்மென்ட்லயே வராது."

ஆர்டித் கைப்பையைத் திறந்து பஞ்சில் சுற்றின பாதிக் காதை ஜன்னல் மேடையில் வைத்தாள். ஓப்பல் அதைப் பார்க்காமல், உட்கார்ந்த நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வக்கீல் பிரெண்டிஸ் லைல் வந்தார். வழுவழுவென்று ஷேவ் செய்த முகம். அவரும் காதைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி அவர் பேசினதை ஆர்டித் பிற்பாடு ஒரு எழுத்து விடாமல் சொல்வாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரரோட காது மேல இந்த மாவட்டத்துக்கு ரொம்ப மரியாதை இருக்கு. ஆனா நீங்க எங்களை என்ன நிலைமைக்கு ஆளாக்கறீங்கன்னு யோசிங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா எங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா நல்லெண்ணம் கெட்டுடும். நல்லெண்ணம் கெட்டா அடுத்த குண்டுக்கு நாங்க பொறுப்பாயிடுவோம். அடுத்த குண்டுக்கு நாங்க பொறுப்பாகணும்னா ஆசைப்படறீங்க?"

ஆர்டித் கொஞ்சம் யோசித்து, "அடுத்த குண்டே வேண்டாம்னு ஆசைப்படறேன்" என்றாள்.

அதற்கு ஃபாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது குண்டு டயர்க் கடையில். ரஸ்க் தன் காருக்குக் காற்றடிக்கப் போனபோது ஹார்லனும் கூடப் போயிருந்தான். பக்கத்தில் ஒரு லாரி டயர் வெடித்தது. ரஸ்க் மூன்று முறை சுட்டான். ஒன்று பெட்ரோல் பீப்பாய்க்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. ஒன்று கடைக்காரரின் நாயைக் கொன்றது. மூன்றாவது, ஹார்லனின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அப்பியது. மறுநாள் மறுபடியும் மீனும் நூடுல்ஸும் வந்தது. இந்தத் தடவை மேலே சீஸ் தூவியிருந்தான்.

ஆர்டித் கடிதம் எழுதினாள். "அனுப்பியவர் கையெழுத்து தெரிந்ததாக இருந்ததால் திறக்கப்படவில்லை" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. தன் வண்டியின் இரண்டு பக்கமும் "ரஸ்க் ஆளைச் சுடுகிறான்" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி ஷெரீப் அலுவலகத்துக்கு எதிரில் நிறுத்தினாள். அன்று முழுக்க அந்தப் பக்கத்து ஜன்னல்களில் திரை இறங்கியே இருந்தது. மாலையில் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீப் பாய்ட் டக்கெட் தன் காருக்கு நடக்கும்போது முன்னால் ஒருவன் குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு போனான். மழை இல்லை. கடைசியில் ஒரு பெரிய சாக்லேட் கேக் செய்து, மேலே வெள்ளைக் கிரீமால் விஷயத்தை எழுதிக் கொண்டுபோய் வைத்தாள். கேக் என்றால் அந்த அலுவலகத்தில் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுக்கவும் இல்லை. ஏழு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவித் துழாவித் தின்று முடித்தார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபோது எழுத்தெல்லாம் வயிற்றுக்குள் போயிருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது தங்கம் என்று ஓப்பல் போன் பண்ணிச் சொன்னாள்.

மூன்றாவது சம்பவம் இடுகாட்டில் நடந்தது. பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரைப் புதைக்கும் நாள். ஹார்லனும் பட்டாளத்தில் இருந்தவன். மரியாதை அணியில் அவனும் நின்றான். சவப்பெட்டிமேல் போர்த்தின கொடியை முக்கோணமாக மடித்து விதவை மடியில் வைத்தார்கள். ஏழு பேர் வானத்தைப் பார்த்து மூன்று சுற்று வெற்று வேட்டுப் போட வேண்டும், அதற்குப் பிறகு அணியில் நின்ற மில்டன் யோடர் என்பவர் எக்காளம் ஊதவேண்டும். முதல் சுற்று வெடித்தது. பின்வரிசையில் நின்ற ரஸ்க், தன்னை ஒரு படையே சுடுகிறது என்று நினைத்துவிட்டான். ஒரு கல்லறைக்குப் பின்னால் குப்புற விழுந்து, துப்பாக்கி காலியாகிறவரை திருப்பிச் சுட்டான். அணியில் இரண்டு பேருக்குக் கால் போயிற்று. பாதிரியாரின் கையிலிருந்த வேதப்புத்தகம் கிழிந்து பறந்தது. ஹார்லனுக்கு அரை அடி தள்ளி நின்ற மில்டன் யோடர், எக்காளத்தை உதட்டில் வைத்தபடியே கழுத்தில் குண்டு வாங்கினார். ஊதவேண்டிய மூச்சு எக்காளத்தில் ரத்தக் கொப்புளமாகத்தான் வந்தது. தோண்டியிருந்த குழிக்குள் பெட்டியின் மேலேயே சாய்ந்து செத்தார்.

ரஸ்க் மேல் வழக்கு வந்தது. அந்த மாநிலத்தில் உண்மையாகப் பயந்தவன் சுட்டால் குற்றமில்லை. தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து பொறுக்கின ஜூரிகள் பன்னிரண்டு பேர் அவன் முகத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தார்கள். இதற்கு மேல் ஒரு மனுஷன் பயப்பட முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லி, துப்பாக்கியையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மில்டனின் இரங்கல் கூட்டத்தில் ஷெரீப் டக்கெட் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினார்: "மில்டன் மாதிரி ஒரு நல்ல மனுஷனை இழந்துட்டோம். எப்படின்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருக்கறதுக்காக என் ஆளுங்க ராத்திரி பகலாப் பாடுபடறாங்க." பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மில்டன் செத்த அன்றே, இடுகாட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஆர்டித் புருஷனின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டையில் இன்னும் மில்டனின் ரத்தம் இருந்தது.

"முதல்ல காது. அப்புறம் விரல். இன்னிக்கு அரை அடி. அடுத்தது நீதான் ஹார்லன். உனக்குப் புரியுதா?"

"புரியுது."

"அப்ப அவன் பக்கத்துல உக்காராதே."

"நான் உக்காரலன்னா வேற யாராச்சும்தான் உக்காரணும், ஆர்டித். அவன்கிட்ட இருந்து அந்தச் சனியனைப் பிடுங்கச் சொல்லு. அதுக்கப்புறம் நான் உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது."

வழக்கும் அப்படி முடிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ரஸ்க்கின் லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கிறதென்றால் மாவட்டச் சபையில், ஷெரீப் முன்னிலையில், எல்லாரும் பார்க்கப் புதுப்பிக்கவேண்டும். சபையில் யார் வேண்டுமானாலும் பேர் எழுதிக்கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம். ஜனங்களின் மூன்று நிமிடம் என்பது அங்கே பரம்பரை உரிமை. அதை எந்த வக்கீலாலும் தடுக்க முடியாது. சபையில் சொல்லிவிட்டால் ஷெரீப்புக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் துப்பாக்கியைப் பிடுங்கியே ஆகவேண்டும். ஆர்டித் பேர் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று மூன்று நிமிடத்துக்குச் சரியாகப் பேசிப் பழகினாள்.

சபைக் கட்டடத்து வாசலில் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி இருந்தது. ஆர்டித்தின் பெல்ட், சாவி, இருமல் மிட்டாய் டப்பா எல்லாவற்றையும் தட்டில் வைக்கச் சொன்னார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி. துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று ஏற்கனவே உறுதியாகிவிட்டதால் அவர்களைச் சோதிப்பதில்லை. ரஸ்க் அந்த வழியாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஹார்லன்.

அவள் முறை வந்தது. மூன்று நிமிடம் முடிந்ததும் அடிக்கும்படி மேசையில் ஒரு மணியைத் திருகி வைத்தார்கள். உடனே வக்கீல் லைல் எழுந்து, அடுத்த மூன்று நிமிடங்களுக்குச் சபைக்கு இடைவேளை என்று அறிவித்தார். ஷெரீப்பும் சபை உறுப்பினர்கள் ஐந்து பேரும் வரிசையாக எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆர்டித் ஆறு காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினாள். காதைச் சொன்னாள், விரலைச் சொன்னாள், எக்காளத்தைச் சொன்னாள். ரஸ்க் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். கடைசி வாக்கியத்தில் அவள் இருக்கும்போது கதவு திறந்தது. கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துச் சரியாக அவர்கள் திரும்பி வந்தார்கள், ஷெரீப் முதலில்.

மூன்று நிமிட மணி கிணுகிணுவென்று அடித்தது.

ரஸ்க் சுட்டான். குண்டு ஷெரீப் டக்கெட்டின் தொடையில், இடுப்புக்குக் கீழே புகுந்தது. ரத்தம் குழாய் உடைந்த மாதிரி பீறிட்டு, பின்னால் வந்த மூன்று பேரின் வெள்ளைச் சட்டையிலும் அடித்தது. சபை முழுக்க மேசைக்கு அடியில் போயிற்று. ஆர்டித் மட்டும் ஓடினாள். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு முதலுதவியும் பரீட்சை உண்டு. கழுத்துத் துணியை உருட்டிக் காயத்தில் திணித்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ரத்தம் அவள் முழங்கைவரை ஏறிற்று. ஷெரீப்பின் முகம் மெழுகாகிக்கொண்டே வந்தது.

"ஷெரீப், யார் சுட்டாங்க? இப்பவாச்சும் சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லுங்க போதும்."

அவர் பார்வை முன்வரிசைக்குப் போயிற்று. புகை விடுகிற துப்பாக்கியோடு ரஸ்க் பத்தடியில் நின்றிருந்தான். ஷெரீப் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியிலிருந்து வக்கீலின் குரல் வந்தது: "பாய்ட், யோசிச்சுப் பேசுங்க. லைசென்ஸ்ல உங்க கையெழுத்து."

ஷெரீப் கண்ணை மூடிக்கொண்டார். "சுவத்துப் பக்கமிருந்து வந்துச்சு" என்றார். பிறகு, "யாருன்னு தெரியல. நல்லெண்ணத்தோட சொல்றேன்" என்றார். ஒன்பது நிமிடத்தில் உயிர் போயிற்று. கடமையில் அவர் கடைசிவரை தவறவில்லை. குண்டிலிருந்த ஈயத்தால் ஏற்பட்ட மரணம், ஈயம் இயற்கையில் கிடைக்கிற பொருள், ஆகவே இயற்கை மரணம் என்று வக்கீல் மேசைக்கு அடியிலேயே எழுதி முடித்தார்.

ஆர்டித் எழுந்து, சிவந்த கையோடு ரஸ்க்கின் முன்னால் போய் நின்றாள். இத்தனை நாளில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். "அதை எங்கிட்ட குடு, வெண்டல்" என்றாள். கொதிக்கிற பாத்திரத்தை யாராவது வாங்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல அவன் சட்டென்று நீட்டினான். "நன்றிம்மா" என்றுகூடச் சொன்னான். அவள் அதைக் கைப்பையில் போட்டு மூடி, ஹார்லனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் அவளைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் சென்ற குற்றம். அவள் பையில் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக, மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து பிரெண்டிஸ் லைல்.

மறுநாள் காலை அவளை ஷெரீப் அலுவலகத்தின் உள்பக்கம், தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளிக்கூடம், ஓப்பலின் ஜன்னல், இரண்டு பேர் உட்காருகிற ஒரு பெஞ்சு. அவளை ஜாமீனில் எடுக்க ஹார்லன் வந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ரஸ்க்கும் வந்தான். அவன் பொருளை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வந்து பெற்றுக்கொள்ளவேண்டும் என்று நோட்டீஸ் போயிருந்தது. லைசென்ஸும் புதுப்பித்தாயிற்று, அவனைப் பற்றிக் கெட்டதாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை. துப்பாக்கி வேண்டாம் என்று ரஸ்க் கையெடுத்துக் கும்பிட்டான். வேண்டாம் என்று எழுதித்தர ஃபாரம் இல்லை தங்கம் என்று ஓப்பல் வருத்தப்பட்டாள். குண்டு நிரப்பின துப்பாக்கியை அரசாங்க மேடையில் போட்டுவைப்பது ஆபத்து, சட்டைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் மறைத்துக்கொண்டான். ரசீது வருகிறவரை உட்காரச் சொன்னாள். ஹார்லன் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டான்.

ஆர்டித் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. தட்டினால் சத்தம் கேட்கும். கத்தினாலும் கேட்கும். கேட்டால் ரஸ்க் சுடுவான், ஹார்லன் நாலு விரற்கடை தூரத்தில் இருக்கிறான். ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தினவள், முதல் முறையாக மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவள் பின்னால் ஒரு புதுப் போலீஸ்காரன், லாக்கப்பின் இரும்புக் கதவை அறைந்து சாத்துவதற்காக அகலத் திறந்து பிடித்திருந்தான். அவள் மெல்லத் திரும்பி, உதடு மட்டும் அசைய, "கதவை மெதுவா மூடுப்பா" என்றாள்.

"என்னது?" என்றான் அவன். "ஒண்ணும் கேக்கல மேடம். சத்தமாச் சொல்லுங்க."